மேகத்தை மாத்தச் சொன்னாக

ஒரு படத்தை மாற்றச் சொன்னார்கள். நான் கம்ப்யூட்டரையே காலி செய்தேன். நடந்தது இவ்வளவுதான். இனிமேல் நான் எழுதப்போவதெல்லாம், ஒரு ஆள் எப்படி இவ்வளவு முட்டாளாக இருக்க முடியும் என்பதற்கான விளக்கம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தொண்ணூறுகளின் கடைசி. பேர் சாந்தி. (அந்தப் பேரை வைத்ததற்காக எங்கப்பா பிற்பாடு ரொம்ப வருத்தப்பட்டார்.) அருப்புக்கோட்டையில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் டைப்ரைட்டிங்கும் கம்ப்யூட்டரும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அங்கே ஆறு மாதம் படித்து ஒரு டிப்ளமோ வாங்கியிருந்தேன். எட்டுப் பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஆறு மாதத்தில் நான் அதைத் தொட்ட நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு முழு நாள் தேறாது. ஆனால் "ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன?" என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். அர்த்தம் புரிந்ததா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டைதான் போட்டிருப்பேன்.

திருச்சுழியில் விதையும் உரமும் விற்கிற ஒரு கடையில் வேலை கிடைத்தது. முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். மதுரையில் சொந்தக்காரர் கடையில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்து, தானும் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். வாங்கிய பிறகுதான் அதை யார் தட்டுவது என்ற கேள்வி வந்தது. அதற்குத்தான் நான். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பொட்டி இருக்குற வரைக்கும் நீ இருப்பம்மா." அதாவது பொட்டி போனால் நானும் போக வேண்டும்.

வீட்டில் இன்னொரு கெடு. என் அத்தை மகன் செல்லப்பாண்டிக்கு என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பா ஒரு தீர்ப்புச் சொன்னார். "தீபாவளி வரைக்கும் இந்த வேலை நிலைச்சா உன் இஷ்டம். நிலைக்கலையா, பேசாம செல்லப்பாண்டியக் கட்டிக்க."

செல்லப்பாண்டி நல்ல ஆள்தான். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். குடி கிடையாது, வம்பு கிடையாது. மீசை இருந்தது. சாதாரண மீசை என்றால் நான் ஏன் எழுதப்போகிறேன்? ரெண்டு பக்கமும் மேலே ஏறி, கன்னத்தில் ஒரு வளைவு அடித்து, காதை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். காப்பி குடித்தால் பாதி மீசைக்கு, மீதிதான் அவருக்கு. "அந்த மீசையோட ஒரு வீட்டுல என்னால குடியிருக்க முடியாது. வேற ஆளப் பாருங்க" என்று அத்தையின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அத்தை ஒரு மாதம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

ஆகவே வேலை எனக்கு முக்கியம். வேலை போனால் மீசை.

எங்கள் பக்கம் மழையை நம்பிய பூமி. மழை விழுந்த ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். ரெண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அதனால் மழைக்கு முந்தியே கடைக்கு வந்து, "எனக்கு இத்தனை பை பருத்தி விதை, இத்தனை படி சோளம் எடுத்து வைங்க" என்று பேர் கொடுத்துவிட்டுப் போவார்கள். அண்ணாச்சி அதை நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். நான் அந்த முந்நூறு பேரையும் ஊரோடு, விதையோடு கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ரெண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி ஒன்றரை மாதம் ஆனது. முடித்த அன்று அந்த நோட்டைத் தாள் தாளாகக் கிழித்து, மல்லி விதை மடித்துக் கொடுக்க வைத்துக்கொண்டேன்.

"இனிமே எதுக்கு அண்ணாச்சி நோட்டு?" என்று வேறு கேட்டேன். அப்போது என் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்கே ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

இனி மேகத்துக்கு வருகிறேன்.

அண்ணாச்சி கம்ப்யூட்டரை ரோட்டைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். ஊர் பார்க்க வேண்டும் இல்லையா? (அதனால் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் தட்ட வேண்டும்.) காலையில் கடை திறந்ததும் அதற்குச் சூடம் காட்டுவார். பிறகு நான் சுவிட்சைப் போடுவேன். விண்டோஸ் தொடங்கும்போது நீல வானமும் வெள்ளை வெள்ளையாய் மேகமும் திரையில் வரும். பஸ்ஸுக்கு நிற்கிற சனம் மொத்தமும் எட்டிப் பார்க்கும்.

புரட்டாசி பாதி தாண்டியும் அந்த வருசம் மழை இல்லை. ஒரு நாள் காலையில் பெருமாயி அக்கா வந்தார். நரிக்குடி ரோட்டில் அவருக்குக் கரிசக்காடு உண்டு. தானே ஏர் பிடிக்கிற பொம்பளை. என்றைக்கு விதைக்கலாம் என்று அவர் சொல்லித்தான் சுத்துப்பட்டில் விதைப்பார்கள். கையில் இருந்த வெத்தலையைக் கிள்ளிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பொட்டிக்குள்ள மேகம் நிக்கிது?"

"கம்ப்யூட்டருக்கா. தொறந்ததும் மேகம் காட்டும்" என்றார் அண்ணாச்சி, தானே செய்த மேகம் மாதிரி.

"காட்டுறதுதான் காட்டுது, நல்ல மேகமாக் காட்டக் கூடாதா? இது வெள்ளை மேகம்ல? பஞ்சுப் பொதி! இது என்னைக்குப் பெஞ்சிருக்கு? ரெண்டு மாசமா வானத்துல இதப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. வெதைக்குப் பேரு குடுக்க வந்த எடத்துலயும் இதையே காட்டுனா வெளங்குமா?"

கூட நின்ற நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அதில் ரெண்டு பேர் அப்படியே ரோட்டைத் தாண்டி எதிர்த்த விதைக்கடைக்குப் போய்விட்டார்கள். அங்கே கம்ப்யூட்டர் இல்லை. பச்சைப்பசேல் என்று ஒரு வயல் காலண்டர் தொங்கியது, அவ்வளவுதான்.

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. "ஏம்மா, அந்த மேகத்த மாத்தும்மா. கருமேகமா வையி. முடியுமா?"

எனக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. 'தெரியாது' என்று சொல்லவும் வராது. "இதென்ன பிரமாதம்" என்றேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். மேகம் எப்போது வருகிறது? சிஸ்டம் தொடங்கும்போது. அப்படியானால் மேகம் சிஸ்டத்தோடது. ஆகவே மேகத்தை மாற்ற வேண்டுமானால் சிஸ்டத்தை மாற்ற வேண்டும். (பரிட்சையில் எழுதியிருந்தால் முழு மார்க் கிடைத்திருக்கும். அதுதான் அந்தப் பரிட்சையின் லட்சணம்.)

இன்றைக்கு என்னைக் கேட்டால் சொல்வேன். ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது உள்ளே இருந்து பொட்டியை ஓட்டுகிற ஆள். நம் கண்ணுக்குத் தெரிகிற திரை, படம், பட்டன் எல்லாம் அந்த ஆளின் முகம். முகம் பிடிக்கவில்லை என்றால் முகத்தை மட்டும் மாற்றலாம். அந்த மேகம் வெறும் ஒரு படம். அதை எடுத்துவிட்டு அதே பேரில் இன்னொரு படத்தை வைத்தால் கதை முடிந்தது. கால் மணி நேர வேலை. கொம்புக்கு வேற கலர் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். நான் மாட்டையே விற்றுவிட்டு வேறு மாடு பிடிக்கப் போனேன்.

அந்த வேறு மாடு என் பையிலேயே இருந்தது. லினக்ஸ். கம்ப்யூட்டர் வகுப்பு சார் ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை என்னிடம் கொடுத்திருந்தார். உறையில் இருந்த இங்கிலீஷை நான் எழுத்துக்கூட்டிப் படித்ததில் ஒன்று மட்டும் புரிந்தது: இதில் நமக்குப் பிடித்த முகத்தை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். போதாதா?

அண்ணாச்சி மத்தியானம் சாப்பிடப் போன நேரத்தில் சிடியைப் போட்டேன். அது என்னிடம் கேள்வி கேட்டது. டிஸ்க் முழுவதிலும் உட்காரட்டுமா, பாதியில் உட்காரட்டுமா? நான் எதையும் பாதியாகச் செய்கிற ஆள் இல்லை. முழுசு என்றேன். இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா? எல்லாம் என்றால் அந்த வெள்ளை மேகத்தையும் விண்டோஸையும்தானே சொல்கிறது? அழியட்டும் சனியன் என்று சம்மதம் கொடுத்தேன்.

அடுத்து எந்த முகம் வேண்டும் என்று கேட்டது. ரெண்டு மூன்று பேர் போட்டிருந்தது. இதா அதா என்று அரைமணி நேரம் யோசித்தேன். புடவைக் கடையில் கூட அவ்வளவு நேரம் நின்றதில்லை. உள்ளே ஓட்டுகிற ஆளைத் தேர்ந்தெடுக்க அரை நொடி, முகத்தைத் தேர்ந்தெடுக்க அரை மணி!

எல்லாம் முடிந்து கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கியது. நான் தேர்ந்தெடுத்த முகம் வரவில்லை. எங்கள் பொட்டியைப் பற்றி நான் அதற்கு ஏதோ விவரம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. திரை முழுக்க ஒரே கறுப்பு. மேலே ஓரமாக ரெண்டு வரி இங்கிலீஷ். அதன் கடைசியில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு விட்டு விட்டு மினுக்கியது.

எதைத் தட்டினாலும் கறுப்புதான். அண்ணாச்சி ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து நின்றார். "எங்கம்மா மேகம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரோட்டில் இருந்து ஒரு சத்தம். பெருமாயி அக்கா, திரும்பிப் போக பஸ்ஸுக்கு நின்றவர், தலைச்சுமையோடு ஓடி வந்தார்.

"அடி ஆத்தி! கருகும்முன்னு இருக்கே! இப்படி வேணும். இதுதான் மேகம். மூணு உழவு மழை இறக்கும் இது!" திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "ஏ புள்ள, அதென்ன ஓரத்துல வெள்ளையா வெட்டி வெட்டிப் போகுது?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"மின்னலுக்கா" என்றேன்.

அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு மல்லாங்கிணறுப் பக்கம் கறுத்தது. நாலரைக்கு இடி. அஞ்சு மணிக்குப் பேய் மழை. சத்தியமாக எனக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் அப்படிச் சொல்லவில்லை. நனைந்துகொண்டே பஸ் ஏறினேன். பஸ்ஸுக்குள் எனக்கு முன் சீட்டில் பேசிக்கொண்டார்கள்: "திருச்சுழியில ஒரு பொண்ணு பொட்டியில மழையக் கூப்புட்டுருச்சாம்ல?" நான் ஜன்னலைப் பார்த்தபடி, அந்தப் பொண்ணு யாரோ என்பது போல உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் நெஞ்சு பூரி மாதிரி உப்பியிருந்தது.

பஸ் அருப்புக்கோட்டைக்குள் நுழையும்போது பூரி பொட்டென்று அமுங்கியது.

மழை பெய்துவிட்டது. நாளைக் காலையில் அத்தனை பேரும் விதைக்கு வருவார்கள். அவர்கள் பேர் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா? சம்மதம்.

நேராகச் செல்லப்பாண்டி மச்சான் கடைக்குப் போனேன். ஏன் அங்கே போனேன் என்று கேட்டால், டிவியும் கம்ப்யூட்டரும் பார்க்க ஒன்றுபோல இருந்தன என்பதுதான் என் கம்ப்யூட்டர் அறிவு. மச்சான் ஒரு டிவியின் முதுகைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், பொட்டியில அழிஞ்சது திரும்ப வருமா?"

முழுக் கதையையும் சொன்னேன். மின்னலை மட்டும் விட்டுவிட்டேன். மச்சான் மீசையின் வலது பக்கத்தை முறுக்கிக்கொண்டே கேட்டார்.

"எனக்கு டிவிதான் தெரியும், கம்ப்யூட்டரு தெரியாது. ஆனா ஒண்ணு கேக்குறேன். டிவியில ஓடுற படம் புடிக்கலைன்னு ஒருத்தர் எங்கிட்ட வந்தா, சேனலை மாத்துங்கன்னுதான் சொல்லுவேன். நீ என்ன செஞ்சிருக்க? பொட்டியோட கொடலையே உருவிப்புட்டு வேற கொடல் வச்சிருக்க. படம் ஒண்ணுதானே புடிக்கல?"

"குத்திக் காட்டுறீங்களா?"

"இல்ல. காலையில முத பஸ்ஸுக்கு நானும் வாரேன்."

காலையில் கடை வாசலில் திருவிழாக் கூட்டம். சாக்கு, ஓலைக்கொட்டான், வண்டி மாடு, சைக்கிள். எல்லோருக்கும் ஒரே அவசரம். ஈரம் யாருக்காகவும் காத்திருக்காது. முதலில் நின்ற பெரியவர் பேரைச் சொன்னார். நான் தட்டினேன். கறுப்புத் திரை இங்கிலீஷில் ஒரு வரி திட்டியது.

"என்ன சொல்லுது தாயி?"

"தேடுது, பெரியவரே."

"நேத்து மழையவே கூப்புட்டு வந்த பொட்டி. எம் பேரு தெரியலையா அதுக்கு?"

பின்னால் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. தள்ளத் தொடங்கினார்கள். அண்ணாச்சி காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டார், "பேரு எங்கம்மா?"

"அழிஞ்சு போச்சு அண்ணாச்சி."

"எத்தனை பேரு?"

"எல்லாப் பேரும்."

"நோட்டு?"

"அதுலதான் நீங்க மல்லி மடிச்சுக் குடுத்தீக."

அண்ணாச்சி உர மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்து திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுக்குத் திட்டு எனக்கு வரும். அந்த மனுசர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்ததுதான் தாங்கவில்லை. வெளியே ஒருத்தர், "பேரு போச்சாம்லே!" என்று கத்தினார். கிடைத்தவரைக்கும் அள்ளிக்கொண்டு போய்விடுவது என்று கூட்டம் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. முன்னால் நிற்கிறவனுக்கு நாலு பை, பின்னால் நிற்கிறவனுக்கு ஒன்றும் இல்லை. அவன் காடு இந்த வருசம் தரிசு. என் ஒரு சம்மதத்தால்.

அப்போதுதான் மச்சான் மூட்டை மேல் ஏறினார். ஏறி மீசையை ரெண்டு பக்கமும் ஒரு தடவை முறுக்கினார். கூட்டம் கப்பென்று அடங்கியது. (நான் குடியிருக்க மாட்டேன் என்று சொன்ன அதே மீசை!)

"ஊர் ஊரா நில்லுங்க. யாருக்கு எத்தனைன்னு அவுகவுக சொல்ல வேணாம். பக்கத்துக் காட்டுக்காரரு சொல்லட்டும்" என்றார்.

பெருமாயி அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒருத்தன் காட்டில் என்ன போடுகிறான் என்பது அவன் பொண்டாட்டிக்குத் தெரியாமல் இருக்கலாம், பக்கத்துக் காட்டுக்காரனுக்குத் தெரியாமல் இருக்காது.

"இவருக்கு நாலு பை பருத்தி" என்று ஒருத்தருக்காக அவர் மச்சினன் சொன்னார்.

"ஏலே, நாலு பையா? இருக்குறது ரெண்டு குறுக்கம் நெலம். மிச்சத்த எங்க போடுவ, ஓட்டு மேலயா?" என்றார் பெருமாயி அக்கா. "ரெண்டுன்னு எழுது புள்ள!"

நான் எதில் எழுத? நோட்டுதான் இல்லையே. மூட்டையில் மார்க் போடுகிற கறுப்பு மையை எடுத்துக் கடைச் சுவரில் எழுதினேன். பேர், ஊர், விதை. நின்று, குனிந்து, கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறி. மடித்துக் கொடுத்த மல்லித் தாளை மூன்று பேர் வீட்டிலிருந்து எடுத்து வந்தார்கள். அதில் அண்ணாச்சி கையெழுத்தில் இருந்த பேர்களும் சுவரில் எழுதிய கணக்கும் அப்படியே பொருந்தின. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கடைசி ஆள் விதையை வாங்கிக்கொண்டு போனார். யார் காடும் தரிசாகவில்லை. என் முகம், கை, தாவணி எல்லாம் மை. அரைமணி நேரம் யோசித்து நான் தேர்ந்தெடுத்த முகம் கடைசியில் இதுதான்.

கடை காலியானதும் அண்ணாச்சி எழுந்தார். "பொட்டி இருக்குற வரைக்கும் நீ இருப்பன்னு சொன்னேன்ல?"

வேலை போனது என்று பையை எடுத்தேன்.

"பொட்டி இருக்கு. உள்ள ஒண்ணுமில்ல. இப்ப நான் என்ன செய்ய?"

பெருமாயி அக்கா குறுக்கே வந்தார். "என்ன அண்ணாச்சி பேசுறீக? அது மழையக் கூப்புட்ட பொட்டி. அதுவும் இருக்கட்டும், புள்ளையும் இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொய்யால் எனக்கு வேலை வேண்டாம். "இல்லக்கா. மழைக்கும் பொட்டிக்கும் சம்பந்தமே இல்ல. அது மேகமும் இல்ல, மின்னலும் இல்ல. நான் பொட்டியக் கெடுத்துட்டேன். கெட்டுப்போனா அப்படித்தான் கறுப்பா இருக்கும்."

அக்கா அண்ணாச்சியைப் பார்த்து, "பாத்தீகளா, பெருமையே இல்லாத புள்ள" என்றார்.

மின்னல் என்று பொய் சொன்னேன், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. வேலை நிலைத்தது. மதுரையிலிருந்து ஆள் வந்து பழையபடி விண்டோஸைப் போட்டுக்கொடுத்தார். மேகத்தை மாற்ற அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அண்ணாச்சி புதிதாக ஒரு நீள நோட்டு வாங்கி, கயிறு போட்டு மேஜைக் காலில் கட்டினார். அன்றிலிருந்து சூடம் நோட்டுக்குத்தான்.

தீபாவளி வந்தது. அப்பா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். "வேலை நிலைச்சிருச்சு. இனி உன் இஷ்டம்" என்றார். மறுநாள் காலையில் வாசலில் யாரோ ஒரு ஆள் வந்து நின்றார். யாரென்று அடையாளம் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மச்சான் மீசையைச் சுத்தமாக எடுத்துவிட்டு வந்திருந்தார்.

"என்ன மச்சான் இது?"

"படம் புடிக்கலைன்னா படத்த மாத்து, பொட்டிய மாத்தாதன்னு உனக்குச் சொன்னேன்ல? அது எனக்கும் பொருந்தும்ல? ஆளு அதே ஆளுதான். பாத்துச் சொல்லு."

பார்த்தேன். வருசக்கணக்கில் வெயிலே படாத அந்த மேலுதடு, தோல் உரித்த பனங்கிழங்கு மாதிரி வெளுத்துப் போய் இருந்தது. முகத்தில் ஒரு பாதியைக் காணோம். சிரித்தால் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் ஆள் அதே ஆள்தான். முதல் பஸ்ஸுக்கு வந்த ஆள்.

"ஆளு இருக்கட்டும் மச்சான்" என்றேன். "அந்த மீசைய மட்டும் திரும்ப வச்சிருங்க."

அப்பா திண்டாடிவிட்டார். "ஏம்மா, உனக்கு எதுதான் வேணும்? மீசை வேணாம்னுதான ஆளையே வேணாம்னு சொன்ன?"

தை மாதம் கல்யாணம். அதற்குள் மீசை பாதிதான் வளர்ந்திருந்தது. கல்யாண போட்டோவில் மச்சான் உதட்டுக்கு மேல் எறும்பு ஊர்கிற மாதிரி நிற்கிறார்.

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். மிக்சி கத்தினால், போன் மெதுவாக ஓடினால், பக்கத்து வீட்டார் பேசினால், "தூக்கிப் போட்டுட்டு வேற பாரு!" என்று கத்துவேன். உடனே என் மகள் நிதானமாகக் கேட்பாள்: "பொட்டியவாம்மா, படத்தையாம்மா?" அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மீசையை முறுக்குவார். ரெண்டு பக்கமும் நரைத்துவிட்டது. இன்னும் காப்பி பாதி அதற்குத்தான்.

போன புரட்டாசியில் மழை ஏமாற்றியது. பெருமாயி அக்கா போன் பண்ணினார். குரல் தளர்ந்திருக்கிறது, அதட்டல் குறையவில்லை.

"ஏ புள்ள சாந்தி, அந்தப் பொட்டி இன்னும் இருக்கா?"

"அத அண்ணாச்சி எடைக்குப் போட்டு எத்தனையோ வருசமாச்சுக்கா."

அக்கா வெத்தலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"சரி, இப்ப உன் வீட்டுல ஒண்ணு வச்சிருப்பேல்ல? அத ஒருக்காக் கெடுத்து விடு தாயி. ஊரே காத்துக் கெடக்கு."